ஏழு போட்டோ, ஒரே புடவை

மேஜை மேல் ஏழு பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களை வரிசையாக அடுக்கினார் அந்த அதிகாரி.

ஏழு பெண்கள். ஏழு முகங்கள். ஏழு தோள்களிலும் ஒரே புடவை. கிளிப்பச்சை நிறம், அரக்கு பார்டர், பார்டரில் சின்னச் சின்ன மாங்காய்.

"மேடம்… நீங்களே பாருங்க" என்றார். "இத எப்படி நான் பாஸ் பண்றது?"

நான் போட்டோக்களைப் பார்த்தேன். பிறகு திரும்பி கன்னியம்மாவைப் பார்த்தேன். அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கிளிப்பச்சைப் புடவையில், அரக்கு பார்டரை இழுத்து மூடிக்கொண்டு.

ஆமாம்… அதே புடவைதான்.

இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. நடுவில் எங்காவது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு கட்டத்தில் சிரித்தவள்தான். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் தஞ்சாவூர் வாசகி ஒருவருக்கு நான் பதில் பாக்கி. "மேடம், வாரா வாரம் ஏதாவது ஒன்றை ஷேபி, ஷேபி என்று எழுதுகிறீர்களே… அதற்குச் சரியான தமிழ்தான் என்ன?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேல் கவர்ன்மென்ட் ஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவளிடம் கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

என்னிடம் ஒற்றை வார்த்தை இல்லை. கந்தல் என்று சொல்ல முடியாது. கந்தல் அதைத் தாண்டிய நிலை. அழுக்கு என்றும் சொல்ல முடியாது. சுத்தமாகத் துவைத்த சட்டையும் ஷேபியாக இருக்கும். காலர் வெளுத்து, நூல் தெரிந்து, பட்டன் ஒன்று வேறு கலரில். சுண்ணாம்பு உதிர்ந்த லாட்ஜ் ரூம். ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிகிற பஸ் சீட். நைந்து போனது, வெளுத்துப் போனது, ஒரு காலத்தில் நன்றாக இருந்தது… இதெல்லாம் சேர்ந்தால் ஷேபி.

டிக்ஷனரியில் கொஞ்சம் கீழே போனால் இன்னொரு அர்த்தம் இருக்கும். துணிக்கு இல்லை, ஆளுக்கு. ஒருவரிடம் நாம் அற்பத்தனமாக நடந்துகொண்டால் அதற்கும் இதே வார்த்தைதான். இருபது வருஷம் கூட வேலை பார்த்தவர் ரிட்டயர் ஆகிப் போகிற அன்று, ஒரு டீ கூட வாங்கித் தராமல் அனுப்பி வைப்பது மாதிரியான சின்னத்தனம்.

பரீட்சையில் முதல் அர்த்தம்தான் கேட்பார்கள். அதனால் இரண்டாவதை நான் வகுப்பில் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவேன்.

சரி, என் வீட்டுக்காரர் என் வாயிலிருந்து அதிகம் கேட்ட இங்கிலீஷ் வார்த்தை எது தெரியுமா? ஐ லவ் யூ இல்லை. இதுதான். "ஏங்க, இவ்ளோ ஷேபியா கல்யாணத்துக்கு வருவாங்களா?" மனிதர் போய்ச் சேரும் வரை இதைக் கேட்டுக் கேட்டு அயர்ன் பண்ணின சட்டையிலேயே வாழ்ந்தார். ஆள் நேர்த்தியாக இருந்தால் போகிற இடத்தில் மரியாதை கிடைக்கும் என்பது என் நம்பிக்கை. நம்பிக்கை என்ன… பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தைத்தான் கன்னியம்மாவிடம் கொண்டுபோய் இறக்கி வைத்தேன்.

நான் பழவேற்காட்டில் இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கன்னியம்மா எனக்கு இறால் கொண்டுவருகிறவர். நாற்பது வயது இருக்கும். அவருடைய குடியிருப்பு, திருப்பாலைவனம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மண் பாதையில், ஏரிக்கரையை ஒட்டி. மொத்தம் இருபது குடிசை. அங்கே யாரிடமும் படகு கிடையாது. வலை கிடையாது. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்த இறாலைப் போட ஓலைக் கூடை ஒன்று, அதற்குப் பெயர் பறி. அதை எங்கே வைத்துக்கொள்வது? பல்லில். கயிற்றைக் கடித்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழே பறி தொங்க, காலையிலிருந்து மத்தியானம் வரை.

கன்னியம்மாவின் முன்பல் இரண்டும் அரை வட்டமாகத் தேய்ந்திருக்கும். கயிறு உட்காரும் இடம்.

புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரே பெண், நந்தினி. நான் கடைசியாகப் பாடம் எடுத்த செட்டில் இருந்தவள். கேள்வி கேட்டே என்னைக் களைப்பாக்கிய பெண். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் வாங்கியிருந்தாள். ஒரு நர்சிங் ட்ரெயினிங் சென்டரில் மீன்பிடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில இடங்கள் வைத்திருக்கிறார்கள். படிப்பு இலவசம், ஹாஸ்டல் இலவசம். அவளுக்கு அதில் ஒரு இடம் எழுதியும் வைத்துவிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். அம்மா அல்லது அப்பாவின் மீன்பிடித் தொழிலாளர் அட்டையின் நகல்.

கன்னியம்மாவிடம் அட்டை இல்லை. அந்தக் குடியிருப்பில் எந்தப் பெண்ணிடமும் இல்லை. படகு, வலை இருந்தால்தான் மீன்பிடிப்பவர் என்று யாரோ எப்போதோ நினைத்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள். யாரும் கேட்டதில்லை.

"டீச்சரம்மா… ஃபாரம் ஒண்ணு எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டு வந்தார்.

"ஒண்ணு என்ன, யார் யாருக்கு வேணுமோ எல்லாருக்கும் எழுதுவோம்" என்றேன். ஏழு பேர் தயாரானார்கள். ஏழு ஃபாரத்தையும் என் கையாலேயே நிரப்பினேன். எனக்கு அன்று ஒரே பெருமை. சமூக சேவை செய்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதில் நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்ளும் சுகம் ஒன்று கலந்திருக்கும். கவனித்திருக்கிறீர்களா?

போட்டோ வேண்டுமே? நந்தினி போனில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். அம்மா ஏரியில் இருக்கும் படம். தண்ணீர் சொட்டும் தலை, செத்துப் போன அப்பாவின் சட்டை புடவைக்கு மேலே, கன்னமெல்லாம் சேறு, பல்லில் பறி.

"ஐயையே… ரொம்ப ஷேபியா இருக்கும்மா" என்றேன். "ஆபீசுக்குப் போற போட்டோவா இது? அவங்க பார்த்த உடனே முகம் சுளிப்பாங்க. ஸ்டூடியோவுக்குப் போங்க. நல்ல புடவை கட்டி, தலை வாரி, பவுடர் போட்டு எடுங்க. சிரிக்கறதா இருந்தா வாயை மூடிச் சிரிங்க. நாளைக்கு ஆபீசுக்கு வரும்போதும் அப்படித்தான் வரணும். சொல்லிட்டேன்."

நந்தினி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர்… இதுலதானே அம்மா இன்னா வேல செய்றாங்கனு தெரியுது?" என்றாள்.

"வேலையை ஃபாரத்துல எழுதியிருக்கேன்ல? போதும்" என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்தப் பிள்ளை சொன்னதை அன்றே கேட்டிருந்தால் இந்தப் பத்தியே இல்லை.

ஒட்டுவதற்கு ஏழு போட்டோக்களும் என் கைக்கு வந்தபோது நான் கவனித்தேன். எல்லாம் ஒரே புடவை. "என்ன கன்னியம்மா, எல்லாரும் சேர்ந்து யூனிஃபார்ம் எடுத்தீங்களா?" என்று சிரித்தேன்.

அவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"எங்காண்ட நல்ல பொடவனு இருக்கறதே அது ஒண்ணுதாம்மா. நந்தினிக்கு மஞ்ச தண்ணி சுத்தும்போது எந்தம்பி எடுத்தாந்தான். அத மட்டும் நாங்க தண்ணில எறக்க மாட்டோம். மத்ததெல்லாம் நாலு மாசம் தாங்காது. உப்புத் தண்ணில உக்காந்து உக்காந்து அப்டியே இத்துப் பூடும்."

அந்தக் குடியிருப்பின் வழக்கம் அது. புதுப் புடவை எது வந்தாலும் கொஞ்ச நாளில் ஏரிக்குப் போய்விடும். வேறு வழியில்லை. தினமும் இறங்க வேண்டுமே! அதனால் ஒரே ஒரு புடவையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி, பேங்க், ஸ்கூல் மீட்டிங், பெண் பார்க்கப் போவது… யார் கரையேறி ஊருக்குள் போனாலும் அதைக் கட்டிக்கொண்டு போவார்கள். கட்டியிருக்கும்போது மீன் கூடையைத் தொடக்கூடாது. தரையில் உட்காரக்கூடாது. திரும்பக் கொடுக்கும்போது நல்ல தண்ணீரில் அலசி, மடித்து, ஒரு கை இறாலும் சேர்த்து நந்தினியிடம் கொடுக்க வேண்டும்.

ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்றும் சொன்னார். திரைக்குப் பின்னால் ஒருத்தி அவிழ்க்க அவிழ்க்க அடுத்தவள் கட்டியிருக்கிறாள். ஏழு பேர். போட்டோகிராபர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்துவிட்டாராம். கடைசி ஆள் முடிப்பதற்குள் மின்சாரம் போய், வந்து… ஒரே கூத்தாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு விட்டேனா? 'ஆகா, பத்திக்கு நல்ல மேட்டர்' என்று மனசுக்குள் குறித்தும் வைத்துக்கொண்டேன். ஒரே புடவை ஏழு ஃபாரத்தில் போனால் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும் என்று மட்டும் யோசிக்கவில்லை. பசை தடவி ஒட்டினேன். அழுத்தமாக.

ஃபாரங்களைக் கொடுத்து மூன்றாவது வாரம், ஆபீசிலிருந்து என் போனுக்குத்தான் கூப்பிட்டார்கள். ஏழு பேரையும் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் நந்தினி அட்டையின் நகலைக் கொடுக்கக் கடைசி நாள்.

செவ்வாய் காலையில் பஸ் ஸ்டாப்பில் கன்னியம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"மத்தவங்க எங்க?"

"அவங்க எப்டிம்மா வருவாங்க?" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி. "பொடவ என்னாண்ட இருக்குதே! நீங்கதானே நல்ல பொடவ கட்டினுதான் வரணும்னு சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம்.

அந்த அலுவலகம் எது, எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதிகாரி கெட்டவர் இல்லை. எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். "மேடம், உங்க பத்தியை என் ஒய்ஃப் விடாம படிப்பாங்க" என்றார். டீ வரவழைத்தார். ஒரு டீ. கன்னியம்மாவுக்கு நாற்காலியும் வரவில்லை, டீயும் வரவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டே டீயைக் குடித்தேன்.

அப்புறம்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன போட்டோ வரிசை.

"யாரோ ஏஜென்ட்டோட வேலை மேடம் இது" என்றார். "எங்கிருந்தோ ஆளுங்களக் கூட்டிட்டு வந்து, ஒரே புடவைய சுத்தி உட்கார வெச்சு எடுத்திருக்கான். போன வருஷமும் இப்படி ஒரு கேஸ் வந்துச்சு. ஏழு பேரையும் நேர்ல வாங்கன்னு சொன்னேன். வந்திருக்கறது ஒருத்தங்க. அதே புடவை. என்ன நினைக்கச் சொல்றீங்க?"

கன்னியம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "சார்… எங்கூர்ல நல்ல பொடவனு இருக்கறதே இது ஒண்ணுதான் சார். ஏரில எறங்கற பொடவயக் கட்டினு இங்க வர முடியுமா?"

"ஏழு பேருக்கு ஒரு புடவையா? நம்பற மாதிரி சொல்லும்மா. இருக்கறது இது ஒண்ணுதான்னா, எல்லாரும் கட்டிக் கட்டி நைஞ்சில்ல போயிருக்கணும்? இப்படிப் புதுசா இருக்குது?"

அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? ஏரியில் இறக்காததால்தான் அது புதுசாக இருக்கிறது என்று? கன்னியம்மா முயற்சி செய்தார். அதிகாரி ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இதப் பாரும்மா. நான் இங்க நாலு வருஷமா இருக்கேன். கையால இறால் புடிக்கற பொம்பளைங்கள நான் பார்த்ததில்லையா? அவங்க இருக்கற இருப்பு எனக்குத் தெரியாதா? இந்த போட்டோவைப் பாரு. பவுடர், பொட்டு, பூ. இதுல யாரைப் பார்த்தாலும் ஏரில இறங்கறவங்க மாதிரியே இல்ல."

பாருங்கள், வேடிக்கையை! அந்த ஆபீஸ் வாசலில் போன மாதம்தான் ஒரு கிழவரை, வேட்டி நாறுகிறது என்று வாட்ச்மேன் வெளியே உட்கார வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நைந்து போனதைக் கட்டிக்கொண்டு வந்தால் வாசலைத் தாண்ட முடியாது. நல்லதைக் கட்டிக்கொண்டு வந்தால் நம்ப மாட்டார்கள். அப்படியானால் ஏழை எந்த அளவுக்கு நைந்திருக்க வேண்டும்? எத்தனை தடவை துவைத்த புடவை என்றால் அரசாங்கத்துக்குச் சரியாக இருக்கும்? யாராவது ஒரு சர்க்குலர் போட்டுச் சொன்னால் அதன்படி கட்டிக்கொண்டு போகலாம்.

கன்னியம்மா திடீரென்று வாயைத் திறந்து காட்டினார்.

"பல்லப் பாருங்க சார். பறி கடிச்சுக் கடிச்சு தேஞ்சினு கீது. இது பொய் சொல்லுமா?"

அதிகாரி பார்த்தார். ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கடம்தான். பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"பல்லைப் பார்த்து அட்டை குடுக்க ரூல் இல்லம்மா" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சரி… ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. இப்படிப் புடவை கட்டி, பவுடர் போட்டு எடுக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது? அந்த ஆளு பேரைச் சொல்லிட்டா உங்க மேல தப்பு வராது."

கன்னியம்மா என்னைப் பார்த்தார்.

ஒரு பார்வைதான். ஜாடையில்லை, கெஞ்சல் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்துத்தான் பார்த்தார்.

அதிகாரியும் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தது எனக்குத் தெரியும். அழகான கையெழுத்து. நல்ல மனசு உங்களுக்கு. அதைத்தான் யாரோ யூஸ் பண்ணிக்கிட்டிருக்கான். நீங்களே கேளுங்க, யாருன்னு."

வாயைத் திறந்தேன்.

'நான்தான் சார் சொன்னேன்.' மூன்றே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மைக் இல்லாமல் எழுநூறு பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசிய தொண்டை இது. வரவில்லை. 'அழகான கையெழுத்து' என்று சொன்ன மனிதர் முன்னால் ஒரு ஏஜென்ட் ஆகிவிடுவேனோ என்று பயம். வாரா வாரம் படிக்கிற அவர் மனைவி என்ன நினைப்பாரோ என்று ஒரு நினைப்பு. ஆமாம் சாமி, அந்த நேரத்தில் நான் நினைத்தது அதைத்தான். நந்தினியை இல்லை.

"கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார்… பாவம், விவரம் தெரியாதவங்க" என்றேன்.

யார் விவரம் தெரியாதவர்? சொல்லுங்கள்.

கன்னியம்மா என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தார். அதிகாரியைப் பார்த்து, "யாரும் சொல்லல சார். நாங்களேதான் எட்த்துக்கினோம்" என்றார்.

என்னைக் காப்பாற்றிவிட்டார்.

அதிகாரி அதை அப்படியே எழுதினார். தாங்களாகவே ஒரே உடையில் போட்டோ எடுத்துக்கொண்டதாக ஒப்புக்கொள்கிறார் என்று. படித்துக் காட்டி, கீழே கைநாட்டு வாங்கினார். ஏழு விண்ணப்பமும் நிராகரிப்பு. புதிதாகப் போட வேண்டுமானால் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து விசாரித்த பிறகுதான். மழைக்காலம் தொடங்கப் போவதால் விசாரணை மழை முடிந்துதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தேன். இறங்குவதற்கு முன்னால் கன்னியம்மாதான் பேசினார்.

"நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க. வெயில்ல அம்மாந்தூரம் எங்கூட வந்தீங்களே."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முழுக்க என்னை நானே தயார் செய்துகொண்டேன். வியாழக்கிழமை காலையில் தனியாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். போட்டோ எடுக்கச் சொன்னது நான். நல்ல புடவை கட்டச் சொன்னது நான். நல்ல புடவை இல்லாமல் ஆபீசுக்கு வராதே என்று சொன்னதும் நான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம்… இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? அங்கேயே உங்ககிட்ட ஒரு விளக்கக் கடிதம் வாங்கி ஃபைல்ல வெச்சுட்டு, அந்தம்மாவோட விண்ணப்பத்தை மட்டுமாவது அனுப்பியிருப்பேன். ரிட்டயர்டு டீச்சர் எழுதிக் குடுத்தா யாரு கேள்வி கேக்கப் போறாங்க? இப்ப அந்தம்மா வாக்குமூலத்தோட ஃபைல் மேல போயிடுச்சு. நான் நினைச்சாலும் இறக்க முடியாது."

"ஒரு பொண்ணோட படிப்பு சார். நாளைக்குக் கடைசி நாள்."

"தெரியாமப் போச்சே மேடம்" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அங்கிருந்து நேராக ட்ரெயினிங் சென்டருக்குப் போனேன். நான்தான் ஜாமீன், மழை முடிந்ததும் அட்டை வந்துவிடும் என்று மன்றாடினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை வீட்டிலும் கஷ்டம்தான் இருக்கும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஏரியில் ஒரு வருஷம் இறங்கின பெண் அடுத்த வருஷம் புத்தகத்துக்குத் திரும்பியதை இந்தக் கரையில் நான் இதுவரை பார்த்ததில்லை. இவளாவது திரும்புவாளா? தெரியவில்லை. நம்பிக்கையாக எழுதத்தான் ஆசை. பொய் எழுத மனசு வரவில்லை.

தஞ்சாவூர் வாசகிக்கு: அம்மா, நீங்கள் கேட்ட வார்த்தைக்கு இதுவரை நான் தந்த உதாரணம் எல்லாம் துணியும் சுவரும் பஸ் சீட்டும்தான். டிக்ஷனரியில் கீழே இருக்கிற அந்த இரண்டாவது அர்த்தத்துக்கு உதாரணம் கேட்டால், அயர்ன் பண்ணின காட்டன் புடவையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரைச் சொல்லுங்கள். மார்க் முழுசாகக் கிடைக்கும்.

நேற்று மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டது. கன்னியம்மாவும் நந்தினியும். இருவர் தலையும் ஈரம். நந்தினி பேண்ட்டுக்கு மேல் தொளதொளவென்று ஒரு ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். விரல்களில் புதிதாக இரண்டு மூன்று வெட்டுக் காயம். ஏரிச் சேற்றில் மட்டி ஓடு கிழித்திருக்கும். பழகாத கை.

கன்னியம்மா எப்போதும் போல, "நல்லா கீறீங்களாம்மா?" என்றார். நந்தினி பறியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து என்னையே பார்த்தாள். வகுப்பில் கையைத் தூக்குவதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"டீச்சர்… அன்னிக்கு ஆபீஸ்ல எங்கம்மா உங்களப் பார்த்தாங்களாமே. அப்ப நீங்க ஏன் பேசல?"

"ஏய்!" என்று கன்னியம்மா அவள் தோளில் தட்டினார். "டீச்சரம்மாவாண்ட அப்டிலாம் கேக்கறதா?"

நந்தினி தலையைக் குனியவில்லை. பதிலுக்காக நின்றாள். கோபம் கூட இல்லை அந்த முகத்தில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இறால் இன்னைக்கு என்ன விலைம்மா?" என்று கேட்டேன்.